ரத்த ஓட்டக் கருவி காட்டும் எண்ணை நம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை

தோலுக்குள் லேசர் ஒளியை அனுப்பி ரத்த ஓட்டத்தைக் கணக்கிடும் லேசர் டாப்ளர் கருவியின் ப்ரோபை (தோலில் ஒட்டும் உணர்வியை) முன்கையில் ஒட்டினால் திரையில் 38 என்று வருகிறது. அதையே எடுத்து ஒரு விரற்கடை தள்ளி ஒட்டினால் 61. எது சரி? இரண்டுமே சரிதான். அடியிலிருந்து தோலை நோக்கி ஏறி வரும் சிறு தமனி ஒன்றின் மேல் ப்ரோப் உட்கார்ந்தால் எண் கூடும், இரண்டு தமனிகளுக்கு நடுவே உட்கார்ந்தால் குறையும், ஏனென்றால் அது பார்ப்பதே சுமார் ஒரு கன மில்லிமீட்டர் திசுவைத்தான். இதை யோசிக்காமல் "நோயாளிக்கு 38, ஆரோக்கியமானவருக்கு 61, ஆகவே ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது" என்று எழுதிவிடுவது மிகச் சுலபம். அந்த வித்தியாசம் முழுவதும் ஒட்டிய இடத்தால் மட்டுமே வந்ததாக இருக்கலாம்.

உடலின் ஒரு பகுதிக்குள் ஓடும் ரத்தத்தை அளக்கும் கருவிகளில் அநேகமாக எதுவும் ரத்தத்தை நேரே அளப்பதில்லை. ஒன்று சிதறி வரும் ஒளியின் அதிர்வெண் மாற்றத்தைப் பார்க்கிறது, ஒன்று கையின் சுற்றளவு பருப்பதைப் பார்க்கிறது, ஒன்று எதிரொலியை, இன்னொன்று வெப்பம் வடிந்துபோகும் வேகத்தை. அதிலிருந்து கணக்குப் போட்டு ஓட்டம் இவ்வளவு என்று சொல்கிறது. கணக்குக்குள் சில அனுமானங்கள் இருக்கும், பிழை அங்கேதான் நுழையும். அதனால் எந்தக் கருவி கைக்கு வந்தாலும் நான் முதலில் செய்வது ஒன்றுதான்: விடை எனக்கே தெரிந்த மூன்று நிலைகளில் அதை வைத்துப் பார்ப்பேன். ஓட்டத்தை நிறுத்தி ஒரு தடவை, ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரு தடவை, எதையும் மாற்றாமல் சும்மா விட்டு ஒரு தடவை. இந்த மூன்றையும் தாண்டாத கருவியில் ஆய்வைத் தொடங்காதீர்கள்.

நிறுத்திப் பாருங்கள்

முன்கையில் அளக்கிறீர்கள் என்றால் மேற்கையில் கஃப் (ரத்த அழுத்தம் பார்க்கக் கட்டும் காற்றுப்பட்டை) கட்டி, சிஸ்டாலிக் அழுத்தத்தைவிட (இதயம் சுருங்கும்போதுள்ள மேல் அழுத்தம்) 50 மி.மீ. பாதரசம் அதிகமாக ஏற்றி, மூன்று நிமிடம் வைத்திருங்கள். (கால் ரத்தக் குழாய் நோய், ரத்தம் உறையும் கோளாறு, அரிவாள் செல் சோகை போன்றவை உள்ளவர்களிடம் இதைச் செய்யும் முன் மருத்துவரிடம் கேட்டே ஆகவேண்டும்.) ஓட்டம் நின்றுவிட்டது, ஆகவே கருவி பூஜ்ஜியம் காட்ட வேண்டும் என்று நினைப்போம். காட்டாது. லேசர் டாப்ளர் சட்டென்று கீழே இறங்கி, பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே ஒரு மட்டத்தில் நின்றுவிடும். குழாய்களுக்குள் தேங்கி நிற்கும் ரத்த அணுக்கள் பிரௌனியன் இயக்கத்தால் (திரவத்தில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத தாறுமாறான அசைவு) அசைந்துகொண்டே இருக்கின்றன, அந்த அசைவும் ஒளியின் அதிர்வெண்ணை மாற்றும், கருவிக்கு அதுவும் ஓட்டம்தான். இந்த மட்டத்துக்கு உயிரியல் பூஜ்ஜியம் என்று பெயர்.

சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கணக்கைப் பாருங்கள். தொடக்கத்தில் 10 யூனிட், மருந்து தடவிய பிறகு 16. வெறும் கண்ணால் பார்த்தால் 60 சதவீதம் உயர்வு. உயிரியல் பூஜ்ஜியம் 4 என்று தெரிந்து அதைக் கழித்தால் 6 என்பது 12 ஆகியிருக்கிறது, அதாவது ஓட்டம் இரண்டு மடங்கு. ஓட்டம் நன்றாக இருக்கும் தோலில் இது பெரிய வேறுபாடு தராது. ஆனால் குளிர்ந்த தோலிலும் ரத்தம் குறைந்த பாதத்திலும், எங்கே துல்லியம் அதிகம் தேவையோ அங்கேயே, இந்த 4 எல்லாவற்றையும் மாற்றிவிடும். கழிக்கலாமா கூடாதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. என் வழி, கழித்த எண், கழிக்காத எண் இரண்டையும் பதிவுசெய்வது.

கஃப் ஏற்றியும் எண் இறங்கவே இல்லை என்றால் கருவியைக் குறை சொல்வதற்கு முன் கஃப்பைப் பாருங்கள். காற்றுக் கசியலாம், அழுத்தம் சிஸ்டாலிக்கைத் தாண்டாமல் இருக்கலாம், வயதான நீரிழிவு நோயாளிகளின் கால் தமனிகளில் சுண்ணாம்பு படிந்திருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் குழாய் மூடாது. அதெல்லாம் இல்லை என்றால் அந்த எண்ணில் பெரும்பகுதி அசைவால் வருவது. ப்ரோபின் ஒளியிழைக் கம்பியைத் தொட்டுப் பாருங்கள், திரையில் முள் போல எழும். கம்பியைத் தோலோடு டேப் போட்டு நிறுத்தினால் பாதி சரியாகும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். அசையாத வெள்ளை பிளாஸ்டிக் கட்டையில் ப்ரோபை வைத்து எடுப்பது மின்னணுப் பூஜ்ஜியம், கருவியின் சொந்த இரைச்சல் எவ்வளவு என்று அது சொல்லும். தோலில் கஃப் ஏற்றி எடுப்பது உயிரியல் பூஜ்ஜியம். முதலாவது சரியாக இருப்பதால் இரண்டாவது தேவையில்லை என்று ஆகிவிடாது.

உச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்

கஃப்பைத் திறந்த நொடியில் ரத்தம் பாய்ந்து வந்து எண் தொடக்க நிலையைவிட மேலே போய்விட்டு மெல்ல இறங்க வேண்டும். ஆரோக்கியமான ஒருவரிடம் இந்த எழுச்சி வரவில்லை என்றால் ப்ரோபைத் தோலில் அழுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுங்கள். தோலின் நுண்குழாய்கள் மூடுவதற்குப் பெரிய அழுத்தம் வேண்டாம், இறுகக் கட்டிய பட்டையே போதும்.

உண்மையான உச்சம் வேண்டும் என்றால் சூடேற்றும் ப்ரோபால் அந்த இடத்தை 42 முதல் 44 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிக் குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். அதற்கு மேல் போகாதீர்கள், தோல் வெந்துவிடும், உணர்ச்சி குறைந்த பாதத்தில் அந்த மனிதருக்கே தெரியாமல் வெந்துவிடும். எண் ஏறி, சற்று இறங்கி, மறுபடி ஏறி ஒரு மேட்டில் நிற்கும். அந்த மேட்டை 100 என்று வைத்து மற்ற எல்லாவற்றையும் அதன் சதவீதமாக எழுதினால், முதலில் சொன்ன 38க்கும் 61க்கும் இடையே உள்ள வம்பு பெருமளவு அடங்கிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு இடமும் தன்னுடைய உச்சத்தோடுதான் ஒப்பிடப்படுகிறது.

கூடவே ரத்த அழுத்தத்தையும் எடுங்கள். சராசரி அழுத்தம் 80இலிருந்து 100க்கு ஏறினால் குழாய் ஒரு இம்மியும் விரியாமலே ஓட்டம் கூடும். ஓட்டத்தைச் சராசரி அழுத்தத்தால் வகுத்து எழுதுவது இதற்காகத்தான். மருந்து கொடுத்துச் செய்யும் ஆய்வில் இதை விட்டுவிட்டால் முடிவே தலைகீழாகலாம்.

சும்மா விட்டுப் பாருங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை, நேரம் வீண் என்று நினைக்கிறார்கள். எனக்கு இதன் அருமை புரிந்தது இப்படி: ஒரு ஆய்வில் தொடர்ந்து இரண்டு வாரம் பிற்பகல் அளவீடுகள் மட்டும் காலை அளவீடுகளைவிடக் குறைவாக வந்தன. உடலின் நாள்சார்ந்த தாளம் என்று நினைத்து அதைப் பற்றி எழுதவும் தொடங்கிவிட்டோம். அப்புறம் ஒரு நாள் எந்தத் தூண்டலும் கொடுக்காமல் ஒருவரை முக்கால் மணி நேரம் படுக்க வைத்து வெறுமனே பதிவு எடுத்தபோது, ஏ.சி. ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் கோடு கீழே இறங்குவது தெரிந்தது. பிற்பகலில் ஏ.சி. அதிகம் ஓடியது, அதன் காற்று நேரே கையில் பட்டது, அவ்வளவுதான். இரண்டு வார வேலையைத் தூக்கிப் போட்டோம். வேதனையாக இருந்தது, ஆனால் அச்சில் வந்த பிறகு தெரிந்திருந்தால் அதைவிட மோசம்.

ஆகவே: கருவியை இயக்கி 20 நிமிடமாவது சூடாக விடுங்கள். அறை வெப்பநிலையை 22 முதல் 24 டிகிரிக்குள் ஓரிடத்தில் நிறுத்தி, அளக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். வந்தவர் அசையாமல் 20 முதல் 30 நிமிடம் ஓய்வெடுக்கட்டும். காபி, புகை, வயிறு முட்டச் சாப்பாடு, மனக்கணக்கு, யாரோ கதவை அறைந்து சாத்துவது, எல்லாமே தோலின் ஓட்டத்தை மாற்றும், விரல் நுனியில் அதிகமாக மாற்றும், அங்கே தமனியும் சிரையும் நேரடியாக இணையும் குறுக்குவழிகள் ஏராளம்.

எதுவும் மாறாதபோதும் கோடு நேராக இருக்காது. சிறு தமனிகள் தாமாகவே சுருங்கி விரிவதால் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு அலைகள் வரும். அலையின் உச்சியில் ஒரு எண்ணையும் பள்ளத்தில் இன்னொரு எண்ணையும் எடுத்து ஒப்பிட்டால் இல்லாத மாற்றம் தெரியும். குறைந்தது இரண்டு நிமிடச் சராசரி எடுங்கள்.

அப்புறம் அதே ஆட்களை இன்னொரு நாள் வரவழைத்து முழுவதையும் மறுபடி செய்யுங்கள். உங்கள் கையில், உங்கள் அறையில், ஒரே ஆளிடம் எண் எவ்வளவு ஆடுகிறது என்பதை வேறு எவருடைய கட்டுரையிலிருந்தும் கடன் வாங்க முடியாது. மாறுபாட்டுக் கெழு (ஒரே ஆளின் அளவீடுகளின் திட்டவிலக்கம், சராசரியின் சதவீதமாக) 20 சதவீதம் என்று வந்தால் அதை 2.77ஆல் பெருக்குங்கள், 55 வருகிறது. அதாவது ஒரே ஆளிடம் இரண்டு தனி அளவீடுகளுக்கு இடையே ஏறக்குறைய 55 சதவீதத்துக்குக் குறைவான மாற்றம் வந்தால் அது தற்செயலாகவே வந்திருக்கலாம். இந்த எண்ணைப் பார்த்துப் பலர் முகம் வாடிப்போவதைக் கண்டிருக்கிறேன், ஆனால் ஆய்வு தொடங்கும் முன்னால் வாடுவது நல்லது. குழுவின் அளவைக் கூட்டுவதா, ஒரே அமர்வுக்குள் அளவீட்டை முடிப்பதா, வேறு கருவிக்குப் போவதா என்று அப்போதே முடிவெடுக்கலாம்.

லேசர் டாப்ளரில் இன்னும் கொஞ்சம்

இரண்டு நிறுவனங்களின் கருவிகள் தரும் யூனிட்டுகளை ஒப்பிடாதீர்கள். அலைநீளம், ஒளி அனுப்பும் இழைக்கும் வாங்கும் இழைக்கும் உள்ள இடைவெளி, மின்னணு வடிகட்டியின் மேல் எல்லை, இவை மாறினால் பார்க்கும் ஆழமும் மாறும், எண்ணும் மாறும். ஒரே நிறுவனத்தின் இரண்டு ப்ரோப்கள்கூட அளவுதிருத்தம் செய்யாமல் ஒத்துப்போகாது. அளவுதிருத்தத்துக்குத் தரும் திரவத்தில் இருப்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பாலிஸ்டைரீன் உருண்டைகள். அவை அடியில் படிந்திருக்கும், குமிழி வராமல் மெதுவாகக் கலக்குங்கள். பிரௌனியன் இயக்கம் வெப்பநிலையைப் பொறுத்தது என்பதால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ப்ரோபை விடாதீர்கள், அறை வெப்பநிலைக்கு வரட்டும். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

இந்த அளவுதிருத்தம் கருவியை நேற்றைய கருவியோடு ஒத்துப்போக வைக்கும், அவ்வளவே. யூனிட்டை மி.லி. கணக்காக மாற்றித் தராது. 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு இவ்வளவு மி.லி. என்று லேசர் டாப்ளர் முடிவை யாராவது எழுதியிருந்தால், எப்படி மாற்றினார்கள் என்று கேளுங்கள். மறுபடி அதே இடத்தில் ஒட்ட வேண்டியிருந்தால் தோலில் பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள், ஒரு புகைப்படமும் எடுங்கள்.

பிளெதிஸ்மோகிராஃபி

சிரையை மட்டும் அடைத்து, உள்ளே வரும் ரத்தத்தால் கை எவ்வளவு வேகமாகப் பருக்கிறது என்று ஸ்ட்ரெயின் கேஜால் (கையைச் சுற்றிக் கட்டும், நீட்சியை உணரும் குழாய்) பார்ப்பது. ஆய்வாளர் விட்னி 1953இல் பாதரசம் நிரம்பிய ரப்பர் குழாய் கேஜை விவரித்தார், அடிப்படை இன்றும் அதேதான். இது மி.லி. கணக்கிலேயே விடை தரும் என்பது பெரிய வசதி, ஓய்வில் முன்கைக்கு 100 மி.லி. திசுவுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 முதல் 4 மி.லி. வரும்.

கெடுக்கும் விஷயங்களில் முதலாவது கை இருக்கும் உயரம். கை இதயத்துக்கு மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் சிரைகள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், புதிதாக வரும் ரத்தத்துக்கு இடம் இருக்காது, கோடு சீக்கிரமே படுத்துவிடும். மேற்கைக் கஃப் 40 முதல் 50 மி.மீ. வரை, டயஸ்டாலிக்குக்கு (இதயம் தளரும்போதுள்ள கீழ் அழுத்தம்) கீழேயே, ஒரு நொடிக்குள் ஏற வேண்டும். சாதாரண ரப்பர் பந்தால் பிசைந்து ஏற்றினால் முதல் சில துடிப்புகளின் ரத்தம் கணக்கில் வராமல் போய்விடும். கஃப் ஏறும்போது திசு தள்ளப்பட்டுக் கோட்டில் ஒரு துள்ளல் வரும், அதை விட்டுவிட்டு அடுத்த சில துடிப்புகளின் சாய்வை எடுங்கள். மணிக்கட்டுக் கஃப்பை 200 மி.மீ. வரை ஏற்றி உள்ளங்கைக்குப் போகும் ரத்தத்தைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும், ஏற்றியதும் ஒரு நிமிடம் பொறுத்த பிறகே அளக்க வேண்டும், அதையும் நிறைய பேர் மறக்கிறார்கள்.

விடை திசுவின் 100 மி.லி.க்கு என்று வருவதால் அதில் எலும்பும் கொழுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. தசை அதிகமுள்ள கையையும் கொழுப்பு அதிகமுள்ள கையையும் நேரடியாக ஒப்பிட்டால் ஏமாறுவோம். மருந்து ஆய்வு என்றால் மருந்து போகாத மறுகையிலும் ஒரே நேரத்தில் அளந்து, இரண்டின் விகிதத்தை எடுங்கள், அறையில் நடக்கும் தொந்தரவுகள் இரண்டு கைக்கும் பொது என்பதால் பெரும்பாலும் கழிந்துவிடும்.

அல்ட்ராசவுண்டு டாப்ளர்

பெரிய தமனியில் வேகத்தையும் விட்டத்தையும் அளந்து, விட்டத்திலிருந்து வரும் குறுக்குவெட்டுப் பரப்பை வேகத்தால் பெருக்கினால் ஓட்டம். கேட்க எளிமை, ஆனால் இரண்டிலும் பிழை இருக்கிறது, இரண்டும் ஒன்றோடொன்று சண்டையும் போடுகின்றன.

கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்க்கும் ஒலிக்கற்றைக்கும் உண்மையான கோணம் 60 டிகிரி, நீங்கள் திரையில் 65 என்று வைத்துவிட்டீர்கள். வேகம் 18 சதவீதம் கூடுதலாக வரும். அதே ஐந்து டிகிரி தவறு 30க்குப் பதில் 35 என்று நடந்திருந்தால் வெறும் 6 சதவீதம்தான். 75க்குப் பதில் 80 என்றால் ஏறக்குறைய 50 சதவீதம். 60க்கு மேல் போகாதே என்று சொல்வதன் காரணம் இதுதான். ஒவ்வொரு தடவையும் ஒரே கோணத்தை வைத்துக்கொண்டால் கோணம் தவறாக இருந்தாலும் மாற்றத்தின் சதவீதமாவது சரியாக வரும்.

விட்டம் இன்னும் மோசம், ஏனென்றால் அது இருபடியாகிறது. 4 மி.மீ. தமனியை 4.2 என்று எடுத்தால் ஓட்டம் 10 சதவீதம் கூடும், 4.4 என்றால் 21 சதவீதம். சுவர் தெளிவாகத் தெரிய ஒலிக்கற்றை குழாய்க்குச் செங்குத்தாக விழ வேண்டும், வேகத்துக்கோ சாய்வாக விழ வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் எடுக்கப் பார்த்தால் ஏதோ ஒன்று கெடும். நேரம் இருந்தால் விட்டத்தைத் தனியாக, பல துடிப்புகளில், உள் விளிம்பிலிருந்து உள் விளிம்பு வரை எடுங்கள். கெயினை (எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவை) ஏற்றி வைத்தால் சுவர் தடித்துக் குழாய் ஒடுங்கியதாகத் தெரியும்.

மென்பொருள் தரும் "சராசரி வேகம்" எது என்றும் பாருங்கள். சில இடங்களில் அது உச்ச வேகக் கோட்டின் காலச் சராசரி. ஓட்டம் பரவளைய வடிவில் இருந்தால் உண்மையான சராசரி அதில் பாதிதான், ஆகவே விடை இரண்டு மடங்காகிவிடும். வேகத்தை எடுக்கும் பகுதியைக் குறிக்கும் மாதிரிச் சாளரத்தைக் குழாயின் நடுவில் குறுகலாக வைத்தாலும், சுவர் வடிகட்டியை உயர்த்தி ஓரத்து மெதுவான ஓட்டத்தை வெட்டினாலும், இதே திசையில்தான் பிழை போகும்.

மண்டையோட்டு வழியாக மூளைத் தமனியை 2 மெகாஹெர்ட்சில் பார்க்கும் முறையில் விட்டம் தெரியவே தெரியாது, வேகம் மட்டும்தான். விட்டம் மாறவில்லை என்ற நம்பிக்கையில்தான் அதை ஓட்டம் என்கிறோம். மூச்சில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் ஒரு மி.மீ. பாதரசம் மாறினாலே மூளை ஓட்டம் 2 முதல் 4 சதவீதம் வரை மாறும், ஆகவே மூச்சின் இறுதி கார்பன் டை ஆக்சைடைப் பதிவு செய்யாத மூளை ஓட்ட அளவீட்டை நான் கணக்கில் எடுப்பதில்லை.

மற்றவை சுருக்கமாக. அறுவையின்போது குழாயைச் சுற்றி மாட்டி, ஒலி கடக்கும் நேரத்தை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடும் டிரான்சிட் டைம் ப்ரோபில் காற்று இடைவெளி இருக்கக் கூடாது, ஜெல்லோ உப்புநீரோ நிரப்புங்கள், குழாய்க்கு ஏற்ற அளவு ப்ரோபை எடுங்கள். நுண்ணிய உருண்டைகளை ரத்தத்தில் செலுத்தி, திசுவில் எத்தனை தங்கின என்று எண்ணும் மைக்ரோஸ்பியர் முறையில் ஒரு திசுத் துண்டுக்கு 400 உருண்டைகளாவது இருக்க வேண்டும், குறைந்தால் எண்ணிக்கைப் பிழை ஏறும். கதிரியக்க நீரைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனில் மூளைப் புறணி ஸ்கேனரின் பிரிதிறனைவிட மெல்லியது, அதனால் பக்கத்து வெண்பொருளின் குறைந்த ஓட்டம் கலந்து எண் தாழ்ந்து வரும். எம்.ஆர்.ஐ.யில் ரத்தத்தையே காந்தத்தால் குறியிட்டுப் பார்க்கும் முறையில், கழுத்துத் தமனி அடைப்பு உள்ளவரிடம் குறியிட்ட ரத்தம் தாமதமாக வந்து சேரும், படம் அதை ஓட்டக் குறைவாகவே காட்டும்.

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது

புதுக் கருவியைப் பழையதோடு ஒப்பிட்டு ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண், 1 என்றால் முழுமை) 0.9 வந்தது, ஆகவே இரண்டும் ஒன்று என்று முடிக்காதீர்கள். புதுக் கருவி எப்போதும் இரண்டு மடங்கு காட்டினாலும் கெழு 1 கூட வரும். புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் சொன்ன வழி எளிது: ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு கருவிகளின் வித்தியாசத்தை, இரண்டின் சராசரிக்கு எதிராக வரைந்து பாருங்கள். ஓட்டம் கூடக் கூட வித்தியாசமும் விரிகிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

எந்தப் பதிவை நிராகரிப்பது என்ற விதியை அளப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள்: கஃப் ஏற்றியும் இறங்காதது, அசைவு முள் இத்தனைக்கு மேல் உள்ளது, அறை வெப்பநிலை எல்லை தாண்டியது, இப்படி. முடிவைப் பார்த்த பிறகு பிடிக்காததை மட்டும் நீக்குவது பிழையைத் திருத்துவது ஆகாது. சராசரியை மட்டும் சேமித்துவிட்டு மூலப் பதிவை அழித்துவிடாதீர்கள். அந்த ஏ.சி. விஷயத்தை நாங்கள் உறுதிசெய்ய முடிந்ததே, பழைய நாட்களின் முழுப் பதிவும் வெப்பநிலைக் குறிப்பும் கையில் இருந்ததால்தான்.